ஷுய்தோவில் குடும்பத்தோடு வாழ முடியுமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஓசூர்ப் பக்கம் கிரானைட் தொழிலில் இருக்கிறீர்கள். சீனாவின் ஃபூஜியான் மாகாணத்தில் உள்ள ஷுய்தோ என்ற ஊரில் ஒரு சீன நிறுவனம் இரண்டாண்டு ஒப்பந்தத்தில் உங்களை வேலைக்கு அழைத்திருக்கிறது. மனைவி, நான்கு வயது மகள். வீட்டில் சைவம். சீனமொழி தெரியாது. "ஷாங்காய் என்றால் தயங்கமாட்டேன், பேர் தெரியாத சிறிய ஊரை நம்பிக் குடும்பத்தை அழைத்துப் போகலாமா?" என்று கேட்கிறீர்கள்.

போகலாம். ஆனால் முதல் மூன்று மாதம் நீங்கள் மட்டும் போங்கள். கிருஷ்ணகிரிக் குவாரிகளிலிருந்து போகும் கிரானைட் பிளாக்குகளை விற்கும் பொறுப்பில் 2014 முதல் 2019 வரை நான் அந்த ஊரில் குடியிருந்தேன். 2023 இறுதியிலிருந்து ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை போய்வருகிறேன். நான் முதல் நாளே குடும்பத்தோடு போய் இறங்கினேன். அந்த முதல் குளிர்காலத்தை என் மனைவி இன்றும் மறக்கவில்லை. அதனால்தான் இந்த மூன்று மாதத்தை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஊர் எது என்பதில் குழப்பம் வேண்டாம். நம் ஊர் வழக்கில் சொன்னால் சுவான்சோ மாவட்டம், நான்-ஆன் வட்டம், ஷுய்தோ பேரூராட்சி. சுவான்சோ வேறு, குவாங்சோ வேறு. குவாங்சோ பக்கத்து மாகாணத்தின் தலைநகர். டிக்கெட் எடுக்கும்போது இரண்டையும் மாற்றிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுவான்சோ முழுவதற்கும் ஏறத்தாழ 88 லட்சம் பேர். ஆனாலும் மெட்ரோ ரயில் கிடையாது, ஆங்கிலப் பேச்சு கிடையாது. சீனர்களே அதைப் பெருநகரமாக எண்ணுவதில்லை. ஷுய்தோவோ கல்லுக்காகவே வாழும் ஊர். பிரேசில், இத்தாலி, துருக்கி, ஈரான், இந்தியா என்று உலகத்தின் கல்லெல்லாம் அங்கே வந்து அறுபடுகிறது. மதுரை மேலூர்ப் பக்கத்தில் வெட்டும் காஷ்மீர் ஒயிட் என்ற கிரானைட்டின் ஸ்லாப்பைச் சாலையோரக் கிடங்கில் நீங்கள் தடவிப் பார்க்கலாம்.

ஷாங்காய்க்கும் ஷுய்தோவுக்கும் உண்மையான வேறுபாடு கடைகளிலோ கட்டடங்களிலோ இல்லை. ஷாங்காயில் வெளிநாட்டாருக்கென்று ஓர் ஓடு தயாராக இருக்கிறது. ஆங்கிலம் பேசும் மருத்துவர், வீட்டுத் தரகர், பள்ளி, இந்திய உணவகம், ஞாயிற்றுக்கிழமை கூடும் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். சீனர் ஒருவரோடும் பழகாமல் ஐந்தாண்டு அங்கே வாழ்ந்துவிடலாம். ஷுய்தோவில் அந்த ஓடு இல்லை. தெருவுக்கே நீங்கள் ஒருவர்தான் வெளிநாட்டார். ஆகவே உங்கள் தாள்கள் பழுதில்லாமல் இருக்க வேண்டும், கொஞ்சம் மொழி தெரிய வேண்டும், அக்கம்பக்கத்தார் வேண்டும். இந்த மூன்றும் அமைந்தால் ஷாங்காயில் கிடைக்காத வாழ்க்கை ஒன்று கிடைக்கும். இல்லாவிட்டால் நான்கு சுவருக்குள் தனிமைதான் மிஞ்சும்.

தாள்களில் தொடங்குகிறேன், ஏனென்றால் நம்மவர் பலர் சறுக்குவது இங்கேதான். உங்கள் பாஸ்போர்ட்டை எடுத்து, பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். நம்மில் பலருக்குக் குடும்பப்பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருக்கும், அல்லது அங்கே அப்பாவின் பெயர் இருக்கும். சீன அலுவலகக் கணினி இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்லும். ஒரு குமாஸ்தா பெயரை முன்பின்னாக அடிப்பார், இன்னொருவர் இடைவெளி விடாமல் அடிப்பார். எனக்கு வேலை அனுமதியில் ஒரு விதமாகவும் வங்கிக் கணக்கில் வேறு விதமாகவும் பெயர் பதிவானது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று மெய்ப்பித்து முடிக்க ஏழு வாரம் ஆயிற்று, அதுவரை சம்பளம் கணக்கில் ஏறவில்லை. சிம் கார்டு, வங்கி, ரயில் டிக்கெட், மருத்துவமனைப் பதிவு எல்லாம் அங்கே பாஸ்போர்ட் பெயரோடுதான் பிணைந்திருக்கின்றன. பாஸ்போர்ட்டில் திருத்தம் தேவையென்றால் புறப்படுமுன் இங்கேயே செய்துவிடுங்கள். அங்கே போனபின் பாஸ்போர்ட் வேலை எதுவானாலும் குவாங்சோவில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தைத்தான் அணுக வேண்டும்.

வேலைக்கென்று தரப்படும் இசட் விசாவில்தான் நுழைய வேண்டும். "முதலில் வணிக விசாவில் வாருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று நிறுவனம் சொன்னால் மறுத்துவிடுங்கள். சட்டப்படி அது வேலை செய்யும் உரிமை ஆகாது, பிடிபட்டால் துன்பப்படுவது நீங்கள்தான். நுழைந்த 30 நாட்களுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஓட்டல் அல்லாத வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். தவறினால் 2,000 யுவான் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. வீட்டு உரிமையாளர் உங்களோடு வந்து பதிவு செய்ய ஒப்புகிறாரா என்று வாடகை பேசுமுன்னே கேளுங்கள். சிறிய ஊர்களில் வெளிநாட்டாருக்கு வீடு விட்டுப் பழக்கமில்லாதவர்கள் காவல் நிலையம் என்றதும் பின்வாங்குவது உண்டு.

பட்டச் சான்றிதழ், குற்றப் பின்னணி இல்லை என்ற சான்று, மனைவி மகளுக்காகத் திருமணச் சான்று, பிறப்புச் சான்று ஆகிய அனைத்தும் நம் வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பமும் பிறகு சீனத் தூதரகத்தின் ஒப்புதலும் பெற வேண்டும். ஒரு நாட்டுச் சான்றை மற்ற நாடு ஒரே முத்திரையில் ஏற்றுக்கொள்ளும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் சீனா 2023 நவம்பரில் சேர்ந்ததால் அந்த முத்திரை மட்டும் போதும் என்று சில முகவர்கள் சொல்கிறார்கள். இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே அது நடைமுறையில் இல்லை. சென்னையில் சீனத் தூதரகக் கிளை இல்லாததால் இதற்கெல்லாம் நாளாகும். குடும்பத்தின் தாள்களையும் உங்களுடையவற்றோடு சேர்த்து இப்போதே அனுப்பிவிடுங்கள். இன்னொன்று: குடும்ப விசாவில் வரும் மனைவி அங்கே வேலை பார்க்க முடியாது. அவர் இப்போது வேலையில் இருப்பவர் என்றால், இதை நீங்கள் இருவரும் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசிவிட வேண்டும்.

அடுத்து கைப்பேசி. சீனாவில் அது பணப்பை, அடையாள அட்டை, மொழிபெயர்ப்பாளர் எல்லாமும். கீரை விற்கும் பாட்டிகூட ஒரு கியூஆர் அட்டையைத்தான் நீட்டுவார். பணம் செலுத்தும் செயலியான அலிபே, வாட்ஸ்அப் போலப் பேசவும் பணம் செலுத்தவும் உதவும் வீசாட் இரண்டிலும் இப்போது வெளிநாட்டு வங்கிகளின் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை இணைக்கலாம். 200 யுவானுக்குள் செலுத்தினால் கூடுதல் கட்டணம் இல்லை, அதற்கு மேல் 3 சதவீதம். அங்கேயே வங்கிக் கணக்கு தொடங்கியதும் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும். வீசாட் 2020இல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. அதனால் சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ விமானம் மாறும்போது அதை இறக்கிக்கொள்ளுங்கள். புதுக் கணக்கைத் தொடங்க ஏற்கெனவே அதைப் பயன்படுத்தும் ஒருவர் உங்களுக்காக உறுதிசொல்ல வேண்டியும் வரலாம். வரவேற்க வரும் அலுவலக நண்பரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இதனால் எழும் சிக்கலை நம்மவர் யாரும் முன்பே நினைத்துப் பார்ப்பதில்லை. அங்கே வாட்ஸ்அப் முடக்கப்பட்டிருக்கிறது. இங்கே வீசாட் தடை. ஊரில் இருக்கும் அம்மாவோடு எதில் பேசுவீர்கள்? கூகுள், யூடியூப், ஃபேஸ்புக் எதுவும் அங்கே திறக்காது. உங்கள் இந்திய சிம்மைப் பன்னாட்டு ரோமிங்கோடு உயிரோடு வைத்திருங்கள். ரோமிங்கில் இருக்கும் சிம் தன் நாட்டு வழியாகவே இணையத்துக்குப் போவதால் வாட்ஸ்அப் அதில் வேலை செய்யும். வங்கி ஓடிபியும் அதில்தானே வரும். இரு வீட்டிலும் ஆப்பிள் கைப்பேசி இருந்தால் ஃபேஸ்டைம் இருக்கிறது. இவற்றையெல்லாம் புறப்படுமுன் பெற்றோர் கையில் கொடுத்துப் பழக்கிவிடுங்கள். முதல் வாரம் மகன் குரல் கேட்காமல் அவர்கள் தவிப்பதைத் தடுக்கலாம்.

உணவைப் பற்றி உங்களுக்கு இருக்கும் அச்சத்தில் பாதி உண்மை, பாதி தேவையற்றது. ஃபூஜியான் கடலோரம். சிப்பி, மீன், பன்றிக்கொழுப்பு இல்லாத கடைச் சமையலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். "வோ ச்சி சூ", அதாவது "நான் சைவம்", என்று சொன்னால் இறைச்சித் துண்டை எடுத்துவிட்டு அதே சாற்றைக் கொடுப்பார்கள். அவர்கள் கணக்கில் அது நேர்மைதான். "பன்றிக்கொழுப்பு வேண்டாம், எலும்புச் சாறு வேண்டாம், மீன் வேண்டாம், சிப்பிக் குழம்பு வேண்டாம்" என்று சீனத்தில் எழுதிய அட்டை ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். புத்தர் கோயில்களை ஒட்டிச் சைவ உணவகங்கள் இருக்கின்றன. அங்கே வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்கமாட்டார்கள். சந்திர மாதத்தின் 1ஆம், 15ஆம் நாட்களில் அந்தக் கடைகள் நிரம்பிவிடும். அந்த நாட்கள் ஏறத்தாழ நம் அமாவாசையும் பௌர்ணமியும்தான். அன்று சைவம் இருப்பவர்கள் அங்கேயும் உண்டு என்பதால், "என் மனைவி எப்போதுமே அப்படித்தான்" என்றதும் எங்கள் பக்கத்து வீட்டு அம்மையார் மறுகேள்வி கேட்கவில்லை.

வீட்டுச் சமையலுக்குக் குறையே இல்லை. கத்தரி, வெண்டை, பாகல், பீர்க்கு, தண்டுக்கீரை, வள்ளைக்கீரை, கொத்தமல்லி, இஞ்சி, பச்சைப்பயறு எல்லாம் காலைச் சந்தையில் கிடைக்கும். துவரை, உளுந்து, புளி, பெருங்காயம் ஆகியவற்றை தாவ்பாவ் என்ற இணையச் சந்தையில் தேடி வரவழைக்க வேண்டும். அங்கே விற்கும் எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது, நம் நல்லெண்ணெயின் மணம் அதில் வராது. தயிர் பெரும்பாலும் சர்க்கரை கலந்தது. சர்க்கரை இல்லாததைத் தேடி வாங்கி, அதையே உறையாக வைத்து வீட்டில் தோய்த்துக்கொள்ளுங்கள். சீனச் சுங்கவிதிப்படி பயணிகள் பால் பொருள்கள், விதைகள், பச்சைக் காய்கனிகள் எடுத்துவரக் கூடாது. ஆகவே நெய்ப் பாட்டிலும் கறிவேப்பிலைக் கட்டும் பெட்டியில் வேண்டாம். மிக்ஸியை மட்டும் மறக்காமல் எடுத்துப் போங்கள், இட்லிமாவை அரைக்கும் மிக்ஸி எனக்கு அங்கே அகப்படவில்லை.

வீட்டைப் பார்க்கும்போது இரண்டு விஷயம். ஒன்று, கல் அறுக்கும் பட்டறைகளுக்குக் காற்றடிக்கும் பக்கம் குடிபோகாதீர்கள். தூசியும் லாரிச் சத்தமும் குழந்தைக்கு ஆகாது. நிறுவன விடுதி இலவசம் என்றாலும் குடும்பத்துக்கு வேண்டாம். ஷுய்தோவையும் ஆன்ஹாயையும் இணைக்கும் ஆன்பிங் என்ற பழைய கல்பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள ஆன்ஹாய் பழைய ஊர். அங்கே சந்தை, பள்ளி, கோயில் எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. இரண்டு, குளிர். கிருஷ்ணகிரிக் குளிரைப் பார்த்தவர்களுக்கு 8, 10 டிகிரி பெரிதாகத் தெரியாது. ஆனால் தென்சீன வீடுகளில் வெப்பக் குழாய்கள் கிடையாது. வெளியில் இருக்கும் அதே குளிர்தான் சாப்பாட்டு மேசையிலும் படுக்கையிலும். சூடாக்கும் வசதியுள்ள ஏசி எல்லா அறைகளிலும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். மார்ச், ஏப்ரலில் கடற்காற்று திரும்பும்போது சுவரும் தரையும் வியர்த்து நீர் வழியும், அலமாரித் துணியில் பூஞ்சை பிடிக்கும். கோடையில் புயல். 2023 ஜூலை 28 அன்று டோக்சுரிப் புயல் கரையேறியது பக்கத்து ஜின்ஜியாங்கில்தான். எச்சரிக்கை வந்தால் இரண்டு நாளுக்குத் தண்ணீரும் உணவும் சேர்த்துக்கொண்டு வீட்டிலேயே இருங்கள்.

மகளை அங்குள்ள சீனப் பாலர் பள்ளியிலேயே சேருங்கள். நான்கு வயதுக் குழந்தைக்கு அதைவிட நல்ல மொழி வகுப்பு கிடையாது. என் மகன் முதல் இரண்டு மாதம் அங்கே வாயே திறக்கவில்லை. மனைவி தினமும் அழுதாள். ஐந்தாம் மாதம் சந்தையில் எங்களுக்காக விலை கேட்டவன் அவன்தான். தடுப்பூசிப் பதிவேட்டைச் சீனத்தில் மொழிபெயர்த்து வைத்திருங்கள், சேர்க்கும்போது கேட்பார்கள். ஆறு வயதுக்குமேல் நிலைமை மாறும். எழுத்துகளை மனப்பாடம் செய்யும் கடுமையான பள்ளி, இந்தியப் பாடத்திட்டம் எங்கும் இல்லை. ஒப்பந்தத்தை நீட்டித்தால் அப்போது ஷியாமென் நகரத்துக்குக் குடிபெயர்வதைப் பற்றி யோசிக்கலாம். அங்கே பன்னாட்டுப் பள்ளி இருக்கிறது. கல் வணிகம் செய்யும் வெளிநாட்டார் பலர் அங்கேதான் குடியிருந்து ஷுய்தோவுக்கு வந்துபோகிறார்கள். முதல் இரண்டு ஆண்டுக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். வேலை ஓரூரிலும் வீடு இன்னோரூரிலுமாக இருந்தால் அக்கம்பக்கம் என்பது அமையவே அமையாது.

மருத்துவத்துக்கு அரசு மருத்துவமனை போதும். முதலில் பதிவுச் சீட்டு, பிறகு ஒவ்வொரு சோதனைக்கும் முன்கூட்டியே பணம். பாஸ்போர்ட்டைக் காட்டிச் சாளரத்திலேயே பதிந்துகொள்ளுங்கள். குழந்தைக்கு ஒவ்வாத மருந்து இருந்தால் அதன் சீனப் பெயரை எழுதி வைத்திருங்கள். ஆம்புலன்ஸ் 120, காவல்துறை 110.

இனி மொழி. புறப்படுமுன் மூன்று மாதம் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். எழுத்து வேண்டாம், காதும் வாயும் பழகினால் போதும். எண்கள், விலை, திசை, உடல் உறுப்புகள், "மெதுவாகச் சொல்லுங்கள்" ஆகியவை முதலில். அங்கே போனதும் ஒன்றைக் கவனிப்பீர்கள்: இளைஞர்கள் பேசுவது பொதுச்சீனம், வீட்டுப் பெரியவர்கள் பேசுவது மின்னான். சிங்கப்பூர், பினாங்குத் தமிழர்கள் ஹொக்கியன் என்று அறிந்த அதே மொழி. அந்த ஊர்களின் சீனர்களில் பலருடைய பாட்டன்மார் இந்தக் கரையிலிருந்து கப்பலேறியவர்கள். நம் தேநீரில் உள்ள "தே"யும் இந்தக் கரையின் சொல்தான். சாயந்தரம் வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டி உங்களைப் பார்த்து "சியா பா போய்?" என்பார். சாப்பிட்டாயிற்றா என்று பொருள். நம் ஊரில் கேட்பது போலவே, அதற்குப் பெயர் விசாரிப்பு.

உற்றுப் பார்ப்பார்கள். குழந்தையின் கன்னத்தைத் தொடுவார்கள், கேட்காமல் படம் எடுப்பார்கள், சம்பளம் எவ்வளவு, வாடகை எவ்வளவு என்று முதல் சந்திப்பிலேயே கேட்பார்கள். முதல் மாதம் இது உடம்பெல்லாம் கூசும். அதில் வெறுப்பு இல்லை என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். மகளுக்குப் பிடிக்கவில்லை என்றால் "பூ யாவ்", வேண்டாம், என்று சொல்லக் கற்றுக்கொடுங்கள், கேட்டுக்கொள்வார்கள்.

வேலையிலும் நட்பிலும் வாசல் தேநீர்தான். கல் கிடங்கு, வங்கி மேலாளர் அறை, பைக் பழுதுபார்க்கும் கடை, எங்கே போனாலும் ஒரு தேநீர்த் தட்டு இருக்கும். பக்கத்து ஆன்ஷி மலைகளில் விளையும் டியெகுவான்யின் இலையைச் சிறு குடுவையில் ஊற்றி ஊற்றி, கட்டைவிரல் அளவுக் கிண்ணத்தில் தருவார்கள். அவர்கள் ஊற்றும்போது இரண்டு விரலால் மேசையைத் தட்டினால் நன்றி என்று பொருள். பிளாக்கில் விரிசல் இருக்கிறது, விலையைக் குறைக்க வேண்டும் என்பது போன்ற பேச்செல்லாம் நான்காம் கிண்ணத்துக்குப் பிறகுதான் வரும். முதல் கிண்ணத்திலேயே கணக்கைத் திறந்தால் அவர்கள் முகம் மூடிவிடும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஓராண்டு ஆயிற்று. நீங்கள் முதல் வாரமே பழகுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சுவான்சோ பழைய நகரத்துக்குப் போங்கள். 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஊர். 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அங்கேதான் கிடைத்தது. சிவன் திருமேனி ஒன்றை எழுந்தருளச் செய்ததைச் சொல்லும் கல்வெட்டு. கையுவான் புத்தர் கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்புறம் இரண்டு தூண்கள் இருக்கின்றன. நரசிம்மர், யானையை மீட்கும் திருமால், கண்ணன் எல்லாம் அவற்றில் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். கல்லையே தொழிலாகக் கொண்ட நமக்கு அந்தத் தூண்களின் முன் நிற்பது வேறு மாதிரியான உணர்வு. என் சீன நண்பர்களை அங்கே அழைத்துப் போய், இந்தக் கதை எங்கள் பாட்டி சொன்னது என்று காட்டியிருக்கிறேன். அதன்பிறகு அவர்கள் என்னை அறிமுகப்படுத்தும் முறையே மாறியது.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சீன மொழிப் பிரதியையும் ஆங்கிலப் பிரதியையும் உங்கள் செலவில் யாரிடமாவது ஒப்பிட்டுப் பாருங்கள், வழக்கு வந்தால் சீனப் பிரதிதான் செல்லும். மாதாமாதம் வருமானவரி கட்டிய சான்று தருவார்களா என்று கேளுங்கள், ஊருக்குப் பணம் அனுப்ப வங்கி அதைக் கேட்கும். விலகும்போது விலகல் சான்றும் வேலை அனுமதி ரத்தும் உடனே செய்து தருவதாக எழுதி வாங்குங்கள். அது இல்லாமல் வேறு நிறுவனத்துக்கு மாற முடியாமல் தவித்தவர்களை அறிவேன்.

சீனப் புத்தாண்டை ஒட்டிப் போய் இறங்காதீர்கள். கடைகளும் அலுவலகங்களும் மூடி, ஊரே வெறிச்சென்று இருக்கும். மார்ச்சில் ஷியாமென் கல் கண்காட்சி, அப்போது உங்கள் நிறுவனத்தில் யாருக்கும் உங்களோடு காவல் நிலையத்துக்கு வர நேரமிருக்காது. ஏப்ரலில் நீங்கள் போங்கள். சுவர் வியர்ப்பது ஓய்ந்ததும் ஜூலையில் குடும்பம் வரட்டும். அதற்குள் வீடு, பதிவு, வங்கி, இணையச் சந்தையில் உளுந்து எல்லாம் ஒழுங்காகியிருக்கும். செப்டம்பரில் பாலர் பள்ளி திறக்கும்.

அவர்கள் வந்த முதல் மாலை ஆன்பிங் பாலத்துக்கு அழைத்துப் போங்கள். 1138இல் தொடங்கி 1151இல் முடித்த கல்பாலம், ஆன்ஹாயிலிருந்து ஷுய்தோ வரை ஏறத்தாழ 2 கிலோமீட்டர். உளியால் கொத்திய பெரும் கருங்கல் பலகைகளைத்தான் வரிசையாகப் பரப்பியிருக்கிறார்கள். வண்டி வராது, மகள் ஓடலாம். வெயில் தாழ்ந்ததும் ஊர்ப் பெரியவர்கள் அங்கே நடக்க வருவார்கள். மூன்று நாள் தொடர்ந்து போனால் நான்காம் நாள் யாராவது ஒருவர் மகளின் பெயரைக் கேட்பார்.